மில் மூடிய ஊரில் நெல்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் மருந்துச் சீட்டில் வைட்டமின் டி பல நேரம் இரண்டு முறை எழுதியிருக்கும். ஒன்று, வாரத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளும் 60,000 யூனிட் சாஷே. இன்னொன்று, தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ விழுங்கும் 0.25 மைக்ரோகிராம் கேப்ஸ்யூல். நாற்பது யூனிட் சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் சாஷேயில் இருப்பது 1,500 மைக்ரோகிராம். கேப்ஸ்யூலில் இருப்பதைப் போல ஆறாயிரம் மடங்கு. மருந்துக்கடையில் கேட்டால் "ரெண்டும் டி-தான் சார்" என்பார்கள். வீட்டில் மாத்திரை டப்பாவை அடுக்கிவைக்கும் மகளோ மருமகனோ, ஒரே சத்து எதற்கு இரண்டு தரம் என்று ஒன்றை நிறுத்திவிடுவதும் உண்டு. நிறுத்துவது எதுவாக இருக்கும்? அளவு சின்னதாகத் தெரிவதைத்தான்.

அந்தச் சின்னதுதான் ஆரோக்கியமான சிறுநீரகம் தானே செய்து கொடுத்துக்கொண்டிருந்த பொருள். பெரியது, அதைச் செய்வதற்கான கச்சாப்பொருள்.

நெல்லை வைத்துச் சொன்னால் விளங்கும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்களில் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட பகுதி, தோலில் இருக்கும் கொலஸ்ட்ராலின் உறவுக்காரப் பொருளொன்றை உடைத்து வைட்டமின் டி-3 ஆக்குகிறது. அது வயலில் விளைந்த நெல். ஈரல் அதன் மூலக்கூறில் 25-ஆவது கரி அணுவில் ஓர் ஆக்ஸிஜனை ஏற்றுகிறது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குதிரில் கொட்டுவது போல. இந்த அவித்த நெல்லின் பெயர் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. இரண்டு மூன்று வாரம் ரத்தத்தில் அப்படியே கிடக்கும். இதை அரிசியாக்கும் மில் சிறுநீரகம். முதலாவது கரி அணுவில் இன்னொரு ஆக்ஸிஜனை அது ஏற்றினால் கிடைப்பது கால்சிட்ரியால். உலையில் போட முடிவது இதைத்தான். குடல் கால்சியத்தை உறிஞ்சுவதும், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பயறளவு பாராதைராய்டு சுரப்பிகள் அடங்கிக் கிடப்பதும் கால்சிட்ரியாலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டே. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அவித்த நெல் நானோகிராம் கணக்கில் இருக்கும். அரிசி பிகோகிராம் கணக்கில், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கேப்ஸ்யூல் அத்தனை சிறிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

லேபில் "வைட்டமின் டி டெஸ்ட்" என்று ரத்தம் எடுத்து அளப்பது குதிரில் உள்ள நெல்லை. மில் ஓடுகிற ஊரில் அந்த அளவே போதும். நெல் இருந்தால் அரிசி இருக்கிறது என்று அர்த்தம். டயாலிசிஸ் நோயாளியின் உடம்பில் மில் மூடிவிட்டது. அங்கே குதிர் நிரம்பி வழிந்தாலும் உலை கொதிக்கும் என்று சொல்ல முடியாது. இந்த அத்தியாயம் முழுக்கவே இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

மில் எங்கே இருக்கிறது என்பது தெரியவருவதற்கு நெடுங்காலம் முன்பே, அது மூடினால் என்ன ஆகும் என்பதை மருத்துவர்கள் பார்த்துவிட்டார்கள். 1940-களின் தொடக்கத்தில் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் லியூ, சூ என்ற இரு மருத்துவர்கள் சிறுநீரகம் கெட்ட நோயாளிகளின் எலும்புகளை ஆராய்ந்தார்கள். எலும்பு மென்மையாகி வளைந்த சாதாரண நோயாளிகளுக்கு வைட்டமின் டி கொடுத்தால் குணமாயிற்று. சிறுநீரக நோயாளிகளிடம் அதே மருந்து பலிக்கவில்லை. ஆனால் டைஹைட்ரோடாகிஸ்டெரால் என்ற, டி-யின் சாயல் கொண்ட வேறொரு பொருளைக் கொடுத்தபோது எலும்பு அசைந்து கொடுத்தது. ஏன் ஒன்று வேலை செய்கிறது, மற்றது செய்யவில்லை? அவர்களால் சொல்ல முடியவில்லை. இன்று நமக்குத் தெரியும்: டைஹைட்ரோடாகிஸ்டெராலின் மூலக்கூறு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருப்பதால், சிறுநீரகம் ஏற்ற வேண்டிய ஆக்ஸிஜனின் இடத்தில் ஏற்கெனவே ஒன்று வந்து நிற்கிறது. மில்லுக்குப் போகாமலே வேலைக்கு ஆகும் சரக்கு அது. அந்த இருவரும் இந்த நோய்க்கு வைத்த பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் இருக்கிறது.

அடுத்த கட்டம் வருவதற்கு நோயாளிகள் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. 1960 வரை சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்தவர் சில வாரங்களில் இறந்துபோவார்; எலும்பு நோய் முற்றுவதற்கு அவகாசமே கிடையாது. அந்த ஆண்டு சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையின் தமனியையும் சிரையையும் டெஃப்லான் குழாயால் நிரந்தரமாக இணைத்து, ஒரே நோயாளிக்கு வாரந்தோறும் டயாலிசிஸ் செய்யலாம் என்று காட்டினார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் பதினோரு ஆண்டு வாழ்ந்தார். மனிதர்கள் இப்படி ஆண்டுக்கணக்கில் தப்பிப் பிழைக்கத் தொடங்கிய பிறகுதான் எலும்பு வலி, தானாக ஒடியும் விலா, வீங்கிய பாராதைராய்டு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. யூரியாவை வடிகட்டும் யந்திரத்தைக் கட்டிவிட்டோம். சிறுநீரகம் அதற்கு மேலும் என்னவோ செய்துகொண்டிருந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

விடை கேம்பிரிட்ஜில் கிடைத்தது. எகான் கோடிசெக் தலைமையில் இயங்கிய டன் ஆய்வகத்தில், ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைப் பதித்த வைட்டமின் டி-யைப் பிராணிகளுக்குக் கொடுத்து, அது உடம்பில் எங்கே போகிறது என்று தடம் பார்த்தார்கள். முதலாவது கரி அணுவில் பதித்திருந்த ட்ரிட்டியம் மட்டும் காணாமல் போனது. அந்த இடத்தில் வேறு எதுவோ வந்து உட்கார்ந்து அதைத் தள்ளிவிட்டிருக்க வேண்டும். அது ஆக்ஸிஜன். எந்த உறுப்பு அதை அங்கே ஏற்றுகிறது என்று தேடி, 1970-இல் டேவிட் ஃபிரேசரும் கோடிசெக்கும் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள்: சிறுநீரகங்களை அகற்றிவிட்ட எலிகளால் அந்தப் பொருளை உண்டாக்க முடியவில்லை, சிறுநீரகத் திசு தனியாகவே அதை உண்டாக்கியது. அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜ், விஸ்கான்சின், கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் என மூன்று ஆய்வகங்கள் போட்டி போட்டுக்கொண்டு அதன் அமைப்பைக் கண்டறிந்தன. 1970-கள் முடிவதற்குள் கால்சிட்ரியால் மாத்திரையாகக் கடைக்கு வந்துவிட்டது. அதன் தம்பியான ஆல்ஃபாகால்சிடாலும் வந்தது. அதில் சிறுநீரகத்தின் வேலை முன்கூட்டியே முடிந்திருக்கும், மிச்சத்தை ஈரல் பார்த்துக்கொள்ளும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இது இரண்டு பக்க அத்தியாயம். அரிசி இல்லை, அரிசியை வாங்கிக் கொடு, தீர்ந்தது.

தீரவில்லை. காரணம் பாஸ்பரஸ்.

மில் பழுதாகித்தான் நிற்கிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில், பாஸ்பேட்டைச் சிறுநீரில் இழந்துவிடும் ஒரு பரம்பரை நோயைத் துருவியபோது எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோன் அகப்பட்டது. இதைச் சுரப்பது எலும்புக்குள் சிறைபட்டதுபோல் இருக்கும் செல்கள். ரத்தத்தில் பாஸ்பேட் சுமை கூடினால் எலும்பு இந்த ஹார்மோனை அனுப்பும். அது சிறுநீரகத்திடம் இரண்டு கட்டளைகள் இடும்: பாஸ்பேட்டை வெளியேற்று, கால்சிட்ரியால் செய்வதை நிறுத்து. இரண்டாவது கட்டளையிலும் தர்க்கம் இருக்கிறது. கால்சிட்ரியால் குடலில் கால்சியத்தோடு பாஸ்பேட்டையும் சேர்த்தே உள்ளே இழுக்கும். ஏற்கெனவே பாஸ்பேட் மிகுந்திருக்கும் உடம்பு அந்தக் கதவைச் சாத்தப் பார்க்கிறது. ஆகவே சிறுநீரகம் பாதி கெட்ட நிலையிலேயே, கிரியாட்டினின் கொஞ்சம்தான் ஏறியிருக்கும்போதே, மில்லை மூடச் சொல்லி உத்தரவு போய்விடுகிறது. டயாலிசிஸ் தொடங்கும் நாளில் எஃப்ஜிஎஃப்-23 சாதாரண அளவைப் போல நூறு மடங்கையும் தாண்டியிருப்பது அபூர்வமல்ல.

இப்படிப் பார்த்தால் நாம் கொடுக்கும் கால்சிட்ரியால், உடம்பு காரணத்தோடு சாத்திய கதவை வெளியிலிருந்து தள்ளித் திறப்பது. திறக்கவும் வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் பாராதைராய்டு கட்டுமீறிப் பெருகி எலும்பைக் கரைக்கும். ஆனால் திறந்த கதவு வழியே பாஸ்பரஸும் வரும்.

எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்ப்போம். டயாலிசிஸில் இருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது 2020-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல். இங்கே பல குடும்பங்கள் குழம்பிப்போகும். டயாலிசிஸுக்கு முந்தைய ஆண்டுகளில் "பருப்பைக் குறை, கறியைக் குறை" என்று சொன்ன அதே மருத்துவர், இப்போது "முட்டை சாப்பிடுங்க" என்கிறார். அவர் பேச்சு மாறவில்லை, நோயாளியின் நிலைமை மாறியிருக்கிறது. ஒவ்வொரு டயாலிசிஸிலும் சில கிராம் அமினோ அமிலங்கள் கழிவுநீரோடு போய்விடுகின்றன. தசை கரைந்து மெலிந்தவர்கள் இந்தச் சிகிச்சையில் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. சரி, 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம் புரதம். இயற்கை உணவில் ஒரு கிராம் புரதத்தோடு சுமார் 12 முதல் 15 மில்லிகிராம் பாஸ்பரஸ் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு நாளைக்கு 900 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் ரத்தத்தில் சேரும். வாரத்துக்கு ஏறக்குறைய 4,000 மில்லிகிராம்.

நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று 800 முதல் 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸை எடுக்கும். வாரம் மூன்று முறை என்றால் 3,000-க்குள். நம் ஊரில் பணத்தாலும் பயணத்தாலும் இடநெருக்கடியாலும் பலர் வாரம் இரண்டே முறை செய்துகொள்கிறார்கள், அவர்களுக்கு 2,000-க்குள். பாக்கி உள்ளேயே தங்கும். யூரியாவை அநாயாசமாக எடுக்கும் யந்திரத்துக்குப் பாஸ்பரஸ் ஏன் பிடிபடுவதில்லை என்றால், அதில் பெரும்பகுதி ரத்தத்திலேயே இல்லை. செல்களுக்குள்ளும் எலும்பிலும் இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது குறைந்துவிடும், அப்புறம் உள்ளேயிருந்து மெதுவாகக் கசிந்து வருவதற்காக யந்திரம் காத்துக் கிடக்கும்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். உணவில் இயற்கையாக டி உள்ளவை எவை என்று கேட்டால் முட்டை மஞ்சள் கரு, கொழுப்பு மீன், ஈரல் என்று அடுக்குவார்கள். டி சேர்த்து விற்கும் பாலையும் பட்டியலில் சேர்ப்பார்கள். பாஸ்பரஸ் மிகுந்தவை எவை என்று டயாலிசிஸ் மையத்தின் உணவு ஆலோசகர் தரும் தாளைப் பாருங்கள்: கிட்டத்தட்ட அதே பட்டியல். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் அதில் உண்டு. முட்டையில் வெள்ளைக்கருவுக்கு மட்டும் தப்பிப்பு. புரதம் நிறைய, பாஸ்பரஸ் மிகக் குறைவு, ஆனால் டி கிடையாது. பருப்பிலும் பயறிலும் உள்ள பாஸ்பரஸ் ஃபைட்டேட் வடிவில் இருப்பதால் பாதிக்கும் குறைவாகவே குடலில் சேரும். அதனால் சைவச் சாப்பாட்டை ரொம்பவும் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. உண்மையான வில்லன் பாக்கெட்டிலும் பாட்டிலிலும் வருவது. கோலா பானங்களிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் ஏறக்குறைய முழுவதுமாக உள்ளே போய்விடும்.

ஆகவே பாஸ்பரஸைக் குடலிலேயே மடக்கிப்பிடிக்க மாத்திரைகள் வந்தன. முதலில் வந்தது அலுமினியம் ஹைட்ராக்சைடு. நன்றாகப் பிடித்தது. கொஞ்ச காலத்தில், 1970-களில், டயாலிசிஸ் நோயாளிகள் சிலர் பேச்சுக் குழறி, வலிப்பு வந்து, நினைவு தப்பி இறந்தார்கள். 1976-இல் ஆலன் ஆல்ஃப்ரேயின் குழு இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் சேர்ந்திருப்பதைக் காட்டியது. இங்கிலாந்தின் நியூகாசிலில் நோயாளிகளின் எலும்புகள் சரமாரியாக ஒடிந்தன. அங்கே குற்றவாளி குழாய்த் தண்ணீரில் இருந்த அலுமினியம். ஒரு டயாலிசிஸின்போது நோயாளியின் ரத்தத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடும் நீர் சுமார் 120 லிட்டர். நாம் ஆயுள் முழுக்கக் குடிநீரில் கண்டுகொள்ளாமல் விடும் நுண்ணளவுகூட அங்கே விஷமாகலாம். அந்த எலும்புகளுக்கு எவ்வளவு டி கொடுத்தும் பயனில்லாமல் போயிற்று. கால்சியம் படிய வேண்டிய விளிம்பில் அலுமினியம் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. டயாலிசிஸ் மையங்களின் பின்னறையில் இன்று ஆர்.ஓ. யந்திரம் இரைந்துகொண்டிருப்பதற்குப் பின்னே இந்த மரணங்கள் இருக்கின்றன.

அலுமினியத்தை விட்டுக் கால்சியத்துக்கு மாறினார்கள். கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிடேட். சாப்பாட்டின் நடுவே எடுத்துக்கொண்டால் இது பாஸ்பரஸ் பிடிக்கும் மருந்து. வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டால் இதே மாத்திரை வெறும் கால்சியம் டானிக். அதுவும் கால்சிட்ரியால் திறந்துவைத்த கதவு வழியாக நேரே ரத்தத்துக்குள் போகும். "சாப்பாட்டுக்கு அப்புறம் மொத்த மாத்திரையையும் ஒண்ணா போட்டுக்கிறேன்" என்பவர்களிடம் மருந்தின் பாதிப் பலன் போய்விடுகிறது. இதைச் சீட்டில் எழுதித் தருபவர்கள் வாயாலும் ஒருமுறை சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

2000-ஆம் ஆண்டில் வில்லியம் குட்மேனின் குழு வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையின் தூக்கத்தைக் கெடுத்தது. சிறு வயதிலேயே டயாலிசிஸுக்கு வந்த இளைஞர்களின் இதயத் தமனிகளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்கு உட்பட்ட 23 பேரில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருந்த 16 பேரில் 14 பேருக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தது. இருபத்தைந்து வயதில் கிழட்டு ரத்தக்குழாய். படிந்திருந்தவர்கள் உட்கொண்ட கால்சிய மாத்திரையின் அளவு மற்றவர்களுடையதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. குழாயில் உப்பு படிவது போன்ற மந்தமான சமாச்சாரம் அல்ல இது என்பதும் அதே காலத்தில் ஆய்வகங்களில் தெரியவந்தது. பாஸ்பேட் மிகுந்த சூழலில் தமனிச் சுவரின் தசைச் செல்கள் தங்கள் இயல்பையே மாற்றிக்கொண்டு, எலும்புச் செல்கள் இயக்கும் மரபணுக்களை இயக்கத் தொடங்குகின்றன. எலும்பில் இருக்க வேண்டியது ரத்தக்குழாயில் முளைக்கிறது. சுண்ணாம்பு சேராத செவலமர், லாந்தனம் போன்ற மாத்திரைகள் இதற்குப் பிறகே செல்வாக்குப் பெற்றன. அவற்றின் விலையைத் தாங்குவது வேறு கதை.

இப்போது லேப் ரிப்போர்ட்டுக்குத் திரும்பலாம்.

டயாலிசிஸ் நோயாளிகளிடம் 25-ஹைட்ராக்ஸி டி-யை அளந்தால் உலகமெங்கும் பெரும்பாலானவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. இதில் வியப்பு இல்லை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் பக்கத்திலேயே குறைபாடு பரவலாக உண்டு. திருப்பதி வட்டாரத்தில் ஹரிநாராயண் குழு செய்த ஆய்வுகளில் கிராமத்து மக்களிடமும் அது தென்பட்டது. டயாலிசிஸ் நோயாளியோ வாரத்தில் இரண்டு மூன்று பகல்களைக் குளிரூட்டிய அறையில் கையை நீட்டிப் படுத்தபடி கழிக்கிறார். வீடு திரும்பினால் அசதி. யூரியா ஏறிய தோல் வெயில் பட்டாலும் டி-யைச் சரிவர விளைவிப்பதில்லை. உணவில் டி உள்ளதையெல்லாம் குறைக்கச் சொல்லியாயிற்று. ஆண்டுக்கணக்கில் சிறுநீரில் புரதம் போனவர்களுக்கு, டி-யைச் சுமந்து செல்லும் புரதமும் அதோடு போயிருக்கும். ஒன்று மட்டும் இதில் சேராது: டயாலிசிஸ் யந்திரம். பலர் நினைப்பதுபோல ஹீமோடயாலிசிஸ் டி-யைக் கழுவிக்கொண்டு போவதில்லை. டி தனியாக நீந்துவதில்லை. ஒரு பெரிய புரதத்தின் முதுகில் ஏறிப் பயணம் செய்கிறது, அந்தப் புரதம் சவ்வின் துளையில் நுழையாது. வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் பெரிடோனியல் டயாலிசிஸில் கதை வேறு. அங்கே புரதம் கசியும், டி-யும் கூடவே கசியும்.

குறைவு இருப்பது தெரிந்ததும் அடுத்த கண்டுபிடிப்பு வந்தது. டி குறைந்தவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள். டி மருந்து பெற்றவர்கள் கூடுதலாக வாழ்கிறார்கள். 2003-இல் 67,399 அமெரிக்க நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை, கால்சிட்ரியாலை விடப் பாரிகால்சிடால் என்ற புது வகையைப் பெற்றவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்றது. அறுபத்தேழாயிரம் பேர்! துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த பத்தாண்டுகளில் டி குறையாத நோயே இல்லை என்னும்படி கட்டுரைகள் குவிந்தன: இதயம், கிருமித்தொற்று, ரத்தசோகை, மனச்சோர்வு.

பதிவேட்டைப் புரட்டும் ஆய்வுகளில் ஒரு பொறி உண்டு. நடமாடுபவருக்கு வெயில் கிடைக்கும். படுத்த படுக்கையானவருக்குக் கிடைக்காது. பசியெடுப்பவர் மீன் சாப்பிடுவார். வாந்தியெடுப்பவர் சாப்பிட மாட்டார். பாஸ்பரஸ் கட்டுக்குள் இருப்பவருக்குத்தான் மருத்துவர் துணிந்து டி எழுதுவார். அப்படியானால் குறைந்த டி மரணத்துக்குக் காரணமா, மரணத்தை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதன் அடையாளமா? எத்தனை ஆயிரம் பதிவேடுகளைப் புரட்டினாலும் இந்தக் கேள்வி தீராது. சீட்டுக் குலுக்கிப்போட்டு ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு மருந்தில்லை என்று பிரித்தால்தான் தீரும்.

ஜப்பானில் அதைச் செய்தார்கள். 108 மையங்களில் 976 ஹீமோடயாலிசிஸ் நோயாளிகள். பாராதைராய்டு மிகையாகச் சுரக்காதவர்கள். பாதிப் பேருக்குத் தினமும் ஆல்ஃபாகால்சிடால், மீதிப் பேருக்கு இல்லை. நான்கு ஆண்டு காத்திருந்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை மருந்து பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேருக்கு, பெறாதவர்களில் 17.9 சதவீதம் பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், மருந்து கெடுதல் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் இதயத்தைக் காக்கும் என்று யாரும் இனி இதை வைத்து மார்தட்ட முடியாது.

சாஷே வகை, அதாவது கச்சா டி, என்ன ஆயிற்று? அமெரிக்காவில் 105 ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, வாரம் ஒருமுறை 50,000 யூனிட், மாதம் ஒருமுறை 50,000 யூனிட், வெறும் மாத்திரை என்று மூன்று மாதம் கொடுத்தார்கள். 2015-இல் வெளிவந்த முடிவு இந்த விவகாரத்தின் சாரத்தையே சொல்கிறது. ரத்தத்தில் டி அளவு அழகாக ஏறியது. கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பெரிதாக அசையவில்லை. குதிர் நிரம்பியது, அவ்வளவுதான்.

அப்படியானால் சாஷே வீணா? அவசரப்பட வேண்டாம். 1981-இல் ஒரு விசித்திர நோயாளியைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். இரண்டு சிறுநீரகங்களும் இல்லாதவர், டயாலிசிஸில் வாழ்ந்தவர். சார்காய்டோசிஸ் என்ற நோயும் அவருக்கு இருந்தது. அவர் ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது, கால்சிட்ரியாலும் எகிறியிருந்தது. மில்லே இல்லாத உடம்பில் அரிசி எங்கிருந்து வந்தது? சார்காய்டு கட்டிகளில் குவிந்திருந்த நோயெதிர்ப்புச் செல்களிலிருந்து. மில் வருவதற்கு முன் வீட்டுக்கு வீடு உரல் இருந்தது போல, நோயெதிர்ப்புச் செல்கள், பாராதைராய்டு, தோல் என்று பல இடங்களில் அதே நொதி சின்ன அளவில் இருக்கிறது. அங்கே குத்துவது பெரும்பாலும் அந்த வீட்டுக்கே செலவாகிவிடும், ஊருக்கு வராது. ஆனால் உரலில் போடவும் நெல் வேண்டும். கச்சா டி கடுமையாகக் குறைந்தவருக்கு அதை ஓரளவு நிரப்புவதற்கு இதுவே நியாயம். சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டுதலும், பொதுமக்களுக்குச் செய்வது போல இவர்களுக்கும் குறைபாட்டைச் சரிசெய்யலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. மலிவான மருந்து, அளவோடு கொடுத்தால் தீங்கில்லை. அதற்கு மேல் அதன் தலையில் நம்பிக்கைகளை ஏற்றக் கூடாது என்பதுதான் இதுவரையிலான சான்றுகளைப் படித்ததில் எனக்குப் படுவது. ரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி டி முப்பது நானோகிராமைத் தொட்டே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை, 2011-இல் அந்த இலக்கைச் சொன்ன அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே 2024-இல் தளர்த்திக்கொண்டுவிட்டது.

அளவு என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டு வாரத்துக்கு எழுதித் தந்த சாஷேயை எண்பது வாரம் குடிப்பவர்கள் உண்டு. ஒரே ஊசியில் ஆறு லட்சம் யூனிட் போட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. ஆரோக்கியமானவருக்குக் கால்சியம் மிஞ்சினால் சிறுநீரில் கழிந்துவிடும். சிறுநீரே வராதவருக்கு அது எங்கே போகும்? வாந்தி, மலச்சிக்கல், தடுமாற்றம், கூடவே தாகம். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறும் எடையைக் கிராம் கணக்கில் பார்த்துத் தண்ணீரை அளந்து குடிப்பவருக்குத் தாகம் கொடுமையான பக்கவிளைவு. கால்சிட்ரியால் அளவு மீறினால் நிறுத்திய சில நாட்களில் சரியாகிவிடும். அதன் ஆயுள் சில மணி நேரங்களே. கச்சா டி அளவு மீறினால் கொழுப்பில் பதுங்கி மாதக்கணக்கில் வெளியே வந்துகொண்டிருக்கும்.

மற்றச் சத்து மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீரில் கரையும் பி வகைகளும் சி-யும் டயாலிசிஸில் கழுவப்பட்டுப் போகும். அதனால் அவற்றைத் தனியாக, டயாலிசிஸ் நாளில் என்றால் அது முடிந்த பிறகு, கொடுப்பார்கள். சி நல்லதுதானே என்று ஒரு கிராம் மாத்திரையை எடுத்துச் சப்பக் கூடாது. உடம்பில் அது ஆக்சலேட்டாக மாறித் தேங்கும். வைட்டமின் ஏ-யைச் சுமக்கும் புரதத்தைச் சிறுநீரகமே அகற்றிவந்ததால், இவர்கள் ரத்தத்தில் ஏ ஏற்கெனவே மிகுந்திருக்கும். கடையில் விற்கும் சாதாரண மல்ட்டிவைட்டமினில் ஏ-யும் தாதுக்களும் சேர்ந்தே இருப்பதால் அது இவர்களுக்கானதல்ல. டி கிடைக்கட்டும் என்று மீன் ஈரல் எண்ணெய் வாங்கித் தருபவர்கள் கவனிக்க வேண்டியது இது: அதில் டி-யை விட ஏ அதிகம்.

பாராதைராய்டு ஹார்மோன் ரிப்போர்ட்டையும் விட்டுவிடக் கூடாது. அதன் சாதாரண உச்சவரம்பு ஏறக்குறைய 65. டயாலிசிஸ் நோயாளிக்கு 400 வந்தால் லேபின் கணினி தடித்த எழுத்தில் அபாயக் குறி போடும். வீட்டில் யாரும் அன்று தூங்க மாட்டார்கள். ஆனால் இவர்களுக்கான வரம்பு உச்ச அளவைப் போல இரண்டிலிருந்து ஒன்பது மடங்கு வரை. ஹார்மோனின் குரல் எலும்பின் காதில் மந்தமாகவே விழுவதால், கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருக்கிறது. டி-யைத் தாராளமாகக் கொடுத்து அதை 65-க்குள் அடக்கினால் எலும்பு உறங்கிவிடும். பழையதை இடிப்பதுமில்லை, புதியதைக் கட்டுவதுமில்லை. அப்போது வரும் கால்சியத்தை வாங்கிக்கொள்ள எலும்பு தயாராக இராது, மிச்சம் தமனிக்குப் போகும். 2004-இல் வந்த சினகால்செட் இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியது. கால்சியத்தை ஏற்றாமலே பாராதைராய்டை அடக்கும் மருந்து அது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் மில் மறுபடி ஓடத் தொடங்கும். ஆனால் பழைய உத்தரவுகள் உடனே ரத்தாவதில்லை. ஆண்டுக்கணக்கில் மலைபோல் குவிந்த எஃப்ஜிஎஃப்-23-உம் பெருத்துவிட்ட பாராதைராய்டும் புதுச் சிறுநீரகத்தைப் பாஸ்பேட்டை வெளியேற்று, வெளியேற்று என்று விரட்டும். இத்தனை காலமாக இல்லாத வலுவோடு அதுவும் வெளியேற்றும். முதல் சில வாரங்களில் பலருக்குப் பாஸ்பரஸ் தரைமட்டத்துக்குப் போய்விடுவது அதனால்தான். நேற்றுவரை பாலையும் மஞ்சள் கருவையும் கண்ணில் காட்டாத உணவு ஆலோசகர், இப்போது இரண்டையும் சாப்பிடச் சொல்வார். வெயிலை மட்டும் தவிர்க்கச் சொல்வார்கள். உறுப்பை உடம்பு தள்ளிவிடாதிருக்கக் கொடுக்கும் மருந்துகள் தோல் புற்றுநோய்க்கு வழிவிடும் என்பதால், முழுக்கைச் சட்டை, தொப்பி, நிழல். ஆகவே மில் ஓடும், வயல் தரிசாகும். 25-ஹைட்ராக்ஸி டி-யை மறுபடி அளந்து பார்ப்பார்கள். இந்தத் தடவை அந்த அளவை வைத்து அரிசியைக் கணக்கிடலாம்.